நோட்டு நிறைகிறது, மார்க் ஏறவில்லை

அம்மா, இவ்வளவு எழுதியும் மார்க் ஏறவில்லையே என்று மகளைத் திட்டாதீர்கள். பிளஸ் டூ படிக்கிற பெண் ராத்திரி பதினொரு மணி வரை நாலு கலர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறாள் என்றால் உழைப்பில் குறையில்லை. அவள் கொண்டுவந்த தாவரவியல் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது. ஆனால் பாடப்புத்தகம்தான் வரி பிசகாமல் அதில் இருக்கிறது. புத்தகம் வீட்டிலேயே இருக்கும்போது இன்னொரு பிரதி எதற்கு?

2014இல் அமெரிக்காவில் மியூல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. லேப்டாப்பில் குறிப்பெடுத்த மாணவர்கள், உரையில் கேட்டதை அப்படியே நிறைய பதிந்துகொண்டார்கள். யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் கையால் எழுதியவர்களைவிடப் பின்தங்கினார்கள். இதைக் காட்டி ‘கையால் எழுதினால் போதும்’ என்று பலர் சொல்வார்கள். உங்கள் மகள் கையாலேதான் எழுதுகிறாள், அதுவும் லேப்டாப் மாதிரி!

கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் 1950களில் வகுத்த முறையைத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பக்கத்தின் இடது ஓரத்தில் இரண்டரை அங்குலம் விட்டு ஒரு கோடு. கீழே ஐந்தாறு வரி காலி. வலப்பக்கம் பாடக் குறிப்பு, இடப்பக்கம் அதற்கான கேள்வி, கீழே சொந்த வார்த்தையில் சுருக்கம்.

பூக்கும் தாவரங்களில் நடக்கும் இரட்டைக் கருவுறுதலை ஒன்றேகால் பக்கம் எழுதி வைத்திருந்தாள். புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொன்னேன். தடுமாறித் தடுமாறிச் சொன்னதை வலப்பக்கம் எழுதினாள், மூன்றே வரி: ஆண் கேமீட் (இனச்செல்) இரண்டு, ஒன்று அண்டத்தோடு சேர்ந்தால் கரு, மற்றது இரண்டாம்நிலை உட்கருவோடு சேர்ந்தால் கருவூண், அதாவது கருவுக்கான உணவுத் திசு. இடப்பக்கம் ‘கருவூண் ஏன் மும்மடியம்?’ (அதாவது, அதில் ஏன் மூன்று தொகுதி குரோமோசோம்கள்?) என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘தேங்காயில் கருவூண் எது?’ என்று அவளாகவே இன்னொன்றும் சேர்த்தாள். இளநீர், வழுக்கை இரண்டுமே கருவூண்தான் என்றதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இனி அது மறக்காது.

எழுதிய அன்றே வலப்பக்கத்தை ஒரு அட்டையால் மூடி, இடப்பக்கக் கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லட்டும். மூன்று நாள் கழித்து மறுபடி, ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. ஹைலைட்டர் இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் மட்டும் படித்ததாக ஆகிவிடாது. கணக்குப் பாடத்துக்கு இந்தக் கோடெல்லாம் வேண்டாம். தப்பாகப் போட்ட கணக்கையும் எந்த வரியில் சறுக்கினாள் என்பதையும் தனி நோட்டில் எழுதி வந்தால் போதும்.

உங்களுக்கும் வேலை உண்டு. ‘எவ்வளவு மார்க்?’ என்பதற்குப் பதில், சமைக்கும்போது அந்த நோட்டை வாங்கி இடப்பக்கத்தில் இருக்கிற ஒரு கேள்வியைக் கேளுங்கள். உங்களுக்குத் தாவரவியல் தெரிய வேண்டாம், பதில் வலப்பக்கத்திலேயே இருக்கிறது. பழைய நோட்டை மட்டும் திரும்ப எழுத வைத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை நடத்தப்போகிற பாடத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்.