சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி… (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: எங்கள் ஹால் 15-க்கு 18 அடி. சோபா, நாற்காலி எல்லாவற்றையும் சுவரோரமாகப் போட்டு, நடுவில் தாராளமாக இடம் விட்டிருக்கிறோம். ஆனாலும் வருகிறவர்கள் சீக்கிரம் எழுந்துவிடுகிறார்கள். உட்கார்ந்திருக்கும்போதும் ஏதோ கூச்சப்படுவது போலத் தெரிகிறது. என்ன குறை?

பதில்: நடுவில் விட்ட அந்த இடம்தான் குறை. 15 அடி அகலத்தில் இரு பக்கமும் சுவரை ஒட்டி இருக்கை போட்டால், எதிரெதிரே உட்கார்ந்தவர்களுக்கு நடுவே 11 அடிக்கு மேல் இருக்கும். அத்தனை தூரத்துக்குக் குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் பேச வேண்டும். உயர்த்திப் பேசினால் வீடு முழுக்கக் கேட்குமே என்று வந்தவர் பேச்சைக் குறைத்துக்கொள்வார். முகத்துக்கு முகம் 6 முதல் 8 அடி இருந்தால் பேச்சு தானாக ஓடும்.

உங்கள் ஹாலுக்கு ஒரு கணக்கு. சோபாவுக்குப் பின்னால் நடைவழி இரண்டரை அடி, சோபா 3 அடி, இடைவெளி 16 அங்குலம், டீப்பாய் 2 அடி, மறுபடி 16 அங்குலம், எதிர் நாற்காலி இரண்டரை அடி. மொத்தம் 12 அடி 8 அங்குலம். நாற்காலிக்குப் பின்னால் இன்னும் 2 அடி 4 அங்குலம் மிச்சமிருக்கிறது. ஆக, ஆட்கள் கூட்டத்தின் நடுவே புகுந்து போகாமல் சுற்றிப் போவார்கள்.

டீப்பாய்க்கு ஏன் 16 அங்குலம்? அதற்குக் குறைந்தால் எழும்போது முழங்கால் இடிக்கும். 20 அங்குலம் தாண்டினால் டம்ளரை வைக்க முதுகை வளைத்து எட்ட வேண்டும். டீப்பாயின் உயரம் சோபா இருக்கையின் மட்டத்திலோ ஓரிரு அங்குலம் கீழேயோ இருக்கட்டும். எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் கைக்கெட்டும் இடத்தில் டம்ளர் வைக்க ஒரு பரப்பு வேண்டும். கடைசி நாற்காலிக்கு அது கிடைக்காவிட்டால் ஒரு சின்ன ஸ்டூல் போதும்.

ஒரு எச்சரிக்கை. சோபாவைச் சுவரிலிருந்து நகர்த்துவதானால் திரைச்சீலை தொங்குகிற அளவுக்கு 4 அங்குலம் தள்ளுங்கள், இல்லையென்றால் ஆள் நடக்கிற அளவுக்கு இரண்டரை அடி தள்ளுங்கள். நடுவில் ஒன்றரை அடி விடுவதுதான் ரொம்ப மோசம். நடக்கவும் முடியாது, கண்ணை விட்டு மறையவும் மறையாது, பந்தும் தூசியும் அங்கேதான் போய்ச் சேரும்.

கேள்வி: எங்கள் ஹால் நீளமானது, 10-க்கு 20 அடி. வாசல் கதவு ஒரு முனையிலும் உள்ளே போகும் கதவு மறுமுனையிலும், இரண்டும் ஒரே பக்கச் சுவரை ஒட்டி இருக்கின்றன. எப்படிப் போட்டாலும் ரயில் நிலையக் காத்திருப்பு அறை மாதிரியே இருக்கிறது.

பதில்: இரண்டு நீளச் சுவரிலும் இருக்கை போடும்வரை அப்படித்தான் இருக்கும். கதவுகள் உள்ள பக்கம் முழுக்க நடைவழி என்று ஒதுக்கிவிடுங்கள். எதிர்ச் சுவரில் சோபா. சோபாவுக்கு 3 அடி, இடைவெளி 16 அங்குலம், 20 அங்குல அகல டீப்பாய் எல்லாம் சேர்ந்து 6 அடி. மீதி 4 அடி. கதவுப் பக்கச் சுவரில் ஓர் அடி ஆழத்துக்குத் தாழ்வான அலமாரி வைத்தாலும் நடக்க 3 அடி கிடைக்கும். கதவு திறந்து விரியும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு அலமாரியைத் தொடங்குங்கள்.

நாற்காலிகளை எதிரே போடாமல், சோபாவின் இரு முனைகளிலும் குறுக்காகத் திருப்பிப் போடுங்கள். இந்த ‘ப’ வடிவம் சுமார் 12 அடி நீளத்தோடு முடிந்துவிடும். மிச்சமுள்ள 8 அடி வேறு ஒரு இடம் என்று கண்ணுக்குப் பட வேண்டும்: படிக்கும் மேசையோ, சாய்வு நாற்காலியோ, குழந்தைகள் விளையாடுகிற விரிப்போ. இரண்டுக்கும் நடுவே மூன்றடி உயரப் புத்தக அலமாரியைக் குறுக்கே நிறுத்தலாம். அதைவிட உயர்ந்தால் வெளிச்சம் தடைபடும். அது 6 அடி நீளத்தைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், நடைவழியை அடைத்துவிடும்.

தள்ளுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு சாமானின் நீள அகலத்துக்கும் பழைய செய்தித்தாளை ஒட்டி வெட்டித் தரையில் விரியுங்கள். இரண்டு நாள் அதன் ஓரமாகவே நடந்து பாருங்கள். எங்கே காகிதத்தை மிதிக்கிறீர்களோ அங்கே சாமான் இருந்தால் காலில் இடிக்கும். முதுகுவலி இல்லாமல் நாலைந்து அமைப்புகளைச் சோதிக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

கேள்வி: டிவியைச் சுற்றியே எல்லாம் அமைகிறது. டிவியை விட்டுவிடவும் முடியாது. இருக்கைகளை எப்படிப் போடுவது?

பதில்: டிவிக்கு நேராக ஒரே ஒரு சோபாவை மட்டும் போடுங்கள். மற்ற இருக்கைகள் ஒன்றையொன்று பார்க்கட்டும். தலையை லேசாகத் திருப்பினால் திரை தெரிந்தால் போதும். தூரத்துக்குத் திரையின் மூலைவிட்ட அளவை 1.6-ஆல் பெருக்குங்கள்: 43 அங்குலத்துக்கு சுமார் 5 அடி 9 அங்குலம், 55 அங்குலத்துக்கு சுமார் 7 அடி 4 அங்குலம். திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் வர வேண்டும். பலர் ஐந்தடிக்கு மேல் மாட்டிவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்கிறார்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே டிவி வைத்தால் பகலில் உங்கள் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: சாமான்களை மாற்றிப் போட்டும் மாலையில் அறை ஏதோ அலுவலகம் போலத்தான் இருக்கிறது. கூரையை ஒட்டி ஒரு டியூப் லைட் இருக்கிறது, வெளிச்சம் போதுமான அளவு இருக்கிறது.

பதில்: வெளிச்சத்தின் அளவு போதும், அது வரும் திசைதான் சரியில்லை. மேலிருந்து ஒரே விளக்கு அடித்தால் கண்குழியிலும் தாடைக்குக் கீழேயும் நிழல் விழும். எல்லோரும் களைத்தவர்களாகத் தெரிவார்கள். அறையின் மூலைகளும் இருண்டு கிடக்கும். ஒரே விளக்குக்குப் பதிலாக மூன்று சிறு விளக்குகளை வெவ்வேறு உயரத்தில் வையுங்கள்: சோபா பக்கத்து ஸ்டூலில் ஒன்று, எதிர் மூலையில் சுவரைப் பார்த்து ஒன்று, படிப்பவர் நாற்காலிக்கு அருகே உயரமான விளக்கு ஒன்று. முதல் இரண்டுக்கும் 5 வாட் எல்.இ.டி. பல்பு போதும். அது ஏறத்தாழ 450 லூமன் தரும். படிப்பதற்கு 9 வாட்.

பல்பு வாங்கும்போது பெட்டியில் கெல்வின் எண்ணைப் பாருங்கள். 2700 முதல் 3000 வரை மஞ்சள் சாயல். டியூப் லைட் பெரும்பாலும் 6500, நீலம் கலந்த வெள்ளை. இரண்டையும் ஒரே நேரத்தில் எரிய விட்டால் மஞ்சள் அழுக்காகத் தெரியும், வெள்ளை கண்ணைக் குத்தும். ‘மஞ்சள் பல்பு போட்டேன், நன்றாக இல்லை’ என்பவர்களில் பலர் செய்யும் பிழை இதுதான். டியூப் லைட்டைக் கழற்ற வேண்டாம். பெருக்கவும், தொலைந்ததைத் தேடவும் அது வேண்டும். ஆட்கள் உட்கார்ந்து பேசும்போது அணைத்துவிடுங்கள்.

விளக்கு மூடியின் கீழ் விளிம்பு, உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில் இருந்தால் பல்பு கண்ணில் படாது. பிளக் பாயிண்ட் எட்டவில்லை என்று ஒயரை விரிப்புக்கு அடியில் கொண்டுபோகவே கூடாது. மிதிபட்டு மிதிபட்டு மேலுறை தேயும், சூடு வெளியேற வழியில்லாமல் தீப்பிடிக்கலாம். ஒயரைச் சுவரோரமாகச் சுற்றிக் கொண்டுபோங்கள், அல்லது விளக்கின் இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: ஆசையாக 4-க்கு 6 அடி விரிப்பு வாங்கி ஹாலில் போட்டேன். அறை முன்பைவிடச் சிறிதாகத் தெரிகிறதே?

பதில்: டீப்பாய்க்கு அடியில் மட்டும் விரிப்பு தெரிந்தால் அது தீவு மாதிரி தனியாக நிற்கும்; இருக்கைகள் கரையில் ஒதுங்கிவிடும். சோபா, நாற்காலி எல்லாவற்றின் முன்கால்களும் விரிப்பின் மேல் ஏற வேண்டும். ஏழடி சோபாவுக்குப் பக்கத்துக்கு 6 அங்குலமாவது கூடுதலாக, 8 அடிக்குக் குறையாத நீளம் தேவை. புதிதாக வாங்கும் முன் இரட்டைக் கட்டில் போர்வையை அந்த அளவுக்கு மடித்து விரித்துப் பாருங்கள். கதவு அதன் மேல் உரசாமல் திறக்கிறதா என்றும் பாருங்கள். இருக்கிற 4-க்கு 6 வீணல்ல, கட்டில் ஓரத்துக்கு அது கச்சிதம். அடியில் வழுக்காத ரப்பர் வலை போடாமல் மட்டும் விரிக்காதீர்கள்.

கேள்வி: படத்தை எந்த உயரத்தில் மாட்டுவது?

பதில்: படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 58 அங்குலத்தில். ஆணி எங்கே என்றுதான் குழப்பம் வரும். 24 அங்குல உயரப் படம், பின்னால் உள்ள கம்பியை இழுத்தால் மேல் விளிம்புக்கு 3 அங்குலம் கீழே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 58-உடன் பாதி உயரம் 12-ஐக் கூட்டி, 3-ஐக் கழித்தால் 67. ஆணி அங்கே. சோபாவுக்கு மேல் என்றால் இந்தக் கணக்கை விட்டுவிட்டு, சாய்மானத்துக்கு மேல் 6 முதல் 8 அங்குலத்தில் படத்தின் கீழ் விளிம்பு வரும்படி மாட்டுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. ஆணி அடிக்க அனுமதி இல்லை. ஒட்டும் கொக்கிகள் இரவில் விழுந்துவிடுகின்றன.

பதில்: சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் வெள்ளையாகப் பொடி ஒட்டினால் எந்தக் கொக்கியும் நிற்காது. கொக்கி சுவரைப் பிடிப்பதில்லை, அந்தப் பொடியைத்தான் பிடிக்கிறது. சொரசொரப்பான சுவரிலும் இதே கதி. வழவழப்பான பெயிண்ட் என்றால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். இழுத்துக் கழற்றும் பட்டை உள்ள கொக்கியாக இருந்தால், பட்டையைச் சுவரோடு ஒட்டிக் கீழ்நோக்கி மெதுவாக இழுங்கள். உங்களை நோக்கி இழுத்தால் பெயிண்டும் சேர்ந்து வரும். பொடி உதிரும் சுவரா? படங்களை மாட்டவே வேண்டாம். தாழ்வான அலமாரி மேல் சாய்த்து வைத்தால் போதும், பெரியது பின்னால், சிறியது முன்னால்.

கேள்வி: வயதான மாமியார் ஹாலுக்கு வந்து உட்காரவே மாட்டேன் என்கிறார். சோபா நல்ல மெத்தென்று இருக்கிறது.

பதில்: அந்த மெத்துதான் காரணமாக இருக்கும். இருக்கை அமுங்கி, முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விட்டால் எழ முடியாது. பிறர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருக்கும் என்பதாலேயே பெரியவர்கள் தவிர்ப்பார்கள். 18 முதல் 20 அங்குல உயரம், கைப்பிடி, கெட்டியான இருக்கை உள்ள நாற்காலியைப் போடுங்கள். சோபாவில் இன்னொரு தலையணை போட்டு உயர்த்துவது உதவாது, அதுவும் அமுங்கும். நாற்காலி கூட்டத்தின் ஓரத்தில் இல்லாமல் நடுப்பகுதியில் இருக்கட்டும். மற்றவர்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் அவருக்கு முகங்கள் இருட்டாகத் தெரியும். காது மந்தமானவர்கள் உதட்டசைவையும் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள்.

கேள்வி: 10-க்கு 11 அடி படுக்கையறை. 5-க்கு ஆறரை அடி கட்டில், 7 அடி உயர பீரோ. கட்டிலை மூலையில் தள்ளியிருக்கிறோம். மாற்றினால் பீரோவையும் நகர்த்த வேண்டும், அதுதான் பயம்.

பதில்: கட்டிலின் தலைமாட்டை 10 அடிச் சுவரின் நடுவில் வையுங்கள். இரு பக்கமும் இரண்டரை அடி கிடைக்கும், ஒருவரைத் தாண்டி ஒருவர் இறங்க வேண்டாம். கால்மாட்டில் நாலரை அடி. அங்கே 2 அடி ஆழ பீரோவை வைத்தால் மீதி இரண்டரை அடி. பீரோ கதவு ஒன்றரை அடி அகலம் என்றால், திறந்தபின் நிற்க ஓர் அடி சரியாக இருக்கும். அதைவிடக் கதவு அகலமானால் பீரோவை வேறு சுவருக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

நகர்த்தும் முறை: முழுக்கக் காலி செய்யுங்கள், பாதி அல்ல. கதவுகளைப் பூட்டிக் கயிறு கட்டுங்கள். இருவர் சேர்ந்து ஒரு பக்கத்தை லேசாகத் தூக்க, மூன்றாமவர் கால்களுக்கு அடியில் பழைய போர்வையைச் செருகட்டும்; மறுபக்கமும் அப்படியே. பிறகு இடுப்புக்குக் கீழே கைவைத்துத் தள்ளுங்கள், மேலே தள்ளினால் சாயும். படுக்க வைத்துக் கொண்டுபோனால், நிமிர்த்தும்போது அதற்கு 7 அடி உயரம் போதாது. 2 அடி ஆழம் இருப்பதால் மூலைவிட்டமாகச் சுமார் 7 அடி 4 அங்குலம் தேவைப்படும். பரணுக்கு அடியில் நிமிர்த்தப் போய் அங்கேதான் சிக்கும். அறையின் நடுவில், மின்விசிறி இறக்கை படாத இடத்தில் நிமிர்த்திவிட்டு, நின்றபடி உள்ளே தள்ளுங்கள்.

வெளிச்சுவராக இருந்தால் 2 அங்குலம் இடைவெளி விடுங்கள். காற்றோட்டம் இல்லையென்றால் பின்னால் பூஞ்சை பிடிக்கும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மேற்பகுதியை ‘எல்’ வடிவத் தகட்டால் சுவரோடு திருகிவிடுங்கள். புது இடத்தில் கதவு பூட்டவில்லையா? பீரோ கெட்டுப்போகவில்லை, அங்கே தரை சமமாக இல்லை. இரண்டு கதவுகளின் மேல் விளிம்பும் ஒரே கோட்டில் வரும்வரை ஒவ்வொரு காலுக்கும் அடியில் மெல்லிய தகடு செருகிப் பாருங்கள்.