ஆறு வயது மகன் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை. அடிக்காமல் எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

நீங்களும் வேலைக்கு ஓடுகிற ஆளாகத்தான் இருப்பீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். "ஒழுங்கா இரு", "சேட்டை பண்ணாதே" என்பதை முதலில் நிறுத்துங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதில் ஒன்றும் விளங்காது. என்ன செய்யணுமோ அதை, முன்கூட்டியே சொல்லுங்கள்.

மும்பையில் நாங்கள் இருப்பது முலுண்ட், அம்மா வீடு மாட்டுங்கா. ஃபாஸ்ட் வண்டி அங்கே நிற்காது என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஸ்லோ லோக்கல் ரயிலில்தான் போவோம். லேடீஸ் டப்பாவில் ஏறுமுன் பிளாட்பாரத்திலேயே குனிந்து, என் இரண்டு பிள்ளைகள் முகத்தையும் பார்த்துச் சொல்வேன்: "குர்லா வரைக்கும் ஜன்னல் பக்கம் உட்காரலாம். குர்லா வந்ததும் செருப்பை மாட்டிட்டு எழுந்திருக்கணும். சயான் தாண்டின பிறகுதான் கதவுப் பக்கம், அதுவும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு." அப்புறம் "எப்போ எழுந்திருக்கணும்?" என்று கேட்பேன். அவர்கள் வாயால் பதில் வரணும். ஸ்டேஷனில் வண்டி அரை நிமிடம் நின்றால் பெரிது, அந்த நேரத்தில் கத்தி என்ன ஆகப்போகிறது? இப்போதெல்லாம் குர்லாவுக்கு முந்தின ஸ்டேஷன் வித்யாவிஹார் தாண்டினாலே பெரியவன் சீட்டுக்கு அடியில் தங்கையின் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறான். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

"நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்" என்று யாராவது வருவார்கள். நான் செல்லம் கொடுக்கச் சொல்லவில்லை. எழுந்திருக்க மறுத்தால் திரும்பி வரும்போது ஜன்னல் சீட் கிடையாது, அழுதாலும் கிடையாது, அதுவும் முன்பே சொன்னதுதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. வாத்தியாருக்குக் கூடாதது நமக்கு மட்டும் எப்படிச் சரியாகும்?

பெரியவர்களே தெளிவாகச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆத்திரம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சொசைட்டி போர்டில் "குழந்தைகள் கீழே சத்தம் போடக் கூடாது" என்று ஒரு நோட்டீஸ். சரி, எத்தனை மணிக்கு, எந்த மூலையில் விளையாடலாம் என்று எழுதிக் கேட்டேன், இன்றுவரை பதில் இல்லை. கார் நிறுத்த மட்டும் கோடு போட்டு நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். வாட்ச்மேன் துரத்துகிறார், பிள்ளைகள் எங்கே போகும்?

உங்கள் மகன் எந்த நேரத்தில் அடம் பிடிக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. காலையில் கிளம்பும்போதா, சாப்பிடும்போதா? அந்த ஒரு நேரத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடமும் பேசிவிடுங்கள், நீங்கள் ஒன்று, அவர்கள் ஒன்று சொன்னால் பிள்ளை எதைக் கேட்பான்?