ஸ்ப்ரூஸ் கூம்பைத் தின்றது அணிலா, கிராஸ்பில்லா?

வடக்கு சிக்கிமின் லாச்சுங் பள்ளத்தாக்கில், ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்களின் அடியில், செதில்களுக்கிடையே விதை தாங்கும் கூம்புகள் செதில் கிழிந்து ஏராளமாகக் கிடந்தனவாம். அவற்றைத் தின்றது அணிலா, சிவப்பு கிராஸ்பில் என்னும் பறவையா என்று எப்படி அறிவது, அப்பறவையை எங்கே தேடுவது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கூம்பைக் கையில் எடுத்துச் செதில்களைப் பாருங்கள். அணில் செதில்களை ஒவ்வொன்றாகக் கடித்து அகற்றிவிடுவதால், அது தின்று போட்ட கூம்பில் நடுத்தண்டும் நுனியில் சில செதில்களுமே எஞ்சும். கிராஸ்பில் தின்றதில் செதில்கள் பெரும்பாலும் தண்டோடு ஒட்டியே இருக்கும். ஆனால் நீளவாக்கில் பிளந்து, நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். வாசகர் கண்டது இதுவாகவே இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: ஃபர் மரத்தின் கூம்பு முதிர்ந்ததும் கிளையிலேயே தானாகச் செதில்கள் உதிர்ந்து வெறும் தண்டாக நிற்கும் என்பதால், அதை எந்த உயிரின் தடயமாகவும் கொள்ளக் கூடாது.

இந்தக் கிழிசலுக்குக் காரணம் கிராஸ்பில்லின் அலகு. மேலலகும் கீழலகும் நுனியில் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று தாண்டிச் செல்லும். அந்த நுனியைச் செதில்களின் இடுக்கில் செருகி, கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தி இடைவெளியை அகலமாக்கி, உள்ளிருக்கும் விதையை நாக்கால் வெளியே எடுத்து, விதையோடு ஒட்டிய இறகு போன்ற சவ்வையும் தோலையும் நீக்கிவிட்டுப் பறவை விழுங்குகிறது. கூம்பு தானாக விரியும்வரை ஃபிஞ்ச் எனப்படும் விதையுண்ணும் சிறு பறவைகளில் மற்றவை காத்திருக்க, கிராஸ்பில்லால் மூடிய கூம்பிலேயே உண்ண முடிகிறது. என் பார்வையில் அதன் வாழ்க்கை முழுவதையும் விளக்கும் திறவுகோல் இதுவே. குஞ்சுகளுக்கும் விதைக்கூழையே ஊட்டுவதால், கூம்பு மிகுந்த இடத்தில் பனிக்காலத்தில்கூடக் கூடு கட்டும்; விளைச்சல் பொய்த்தால் கூட்டமாக வேறு காட்டுக்குப் பெயர்ந்துவிடும்.

ஆகவே சென்ற ஆண்டு பார்த்த இடத்தை நம்பிச் செல்ல வேண்டாம். கிழக்கு இமயமலையில், ஏறத்தாழ 2,700 மீட்டருக்கு மேல் உள்ள ஹெம்லாக், ஸ்ப்ரூஸ், லார்ச் காடுகளில், உச்சிக் கிளைகளில் இவ்வாண்டுக் கூம்புகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும் மரங்களைத் தேர்ந்தெடுங்கள். உண்ணும்போது கூட்டம் பெரும்பாலும் ஓசையின்றி இருக்கும். செதிலும் விதையிறகும் மேலிருந்து உதிர்வதே முதல் அறிகுறியாகலாம். பறக்கும்போது ‘கிப், கிப்’ என்ற அழுத்தமான குரல் கேட்கும். உலர்ந்த விதையே உணவாதலால் அடிக்கடி நீர் அருந்த இறங்கி வரும். எனவே காட்டோர ஓடைக்கருகே அமைதியாகக் காத்திருப்பது நல்ல பலன் தரும்.

ஆண் செங்கல் சிவப்பு. பெண் மஞ்சள் கலந்த பாசிப்பச்சை. கூட்டத்தில் உடலெங்கும் கோடுகளுடன், அலகு சரியாகக் குறுக்கிடாத பறவையைக் கண்டால் வேறு இனம் என்று குறித்துக்கொள்ள வேண்டாம்; அது இளம் கிராஸ்பில்லாக இருக்கலாம். குஞ்சு பொரிக்கும்போது அலகு நேராகவே இருக்கும். வளர்ந்த பின்னரே சிலவற்றுக்கு இடப்புறமும் சிலவற்றுக்கு வலப்புறமுமாகக் கீழலகு திரும்புகிறது.