கைல்ஸ் இறந்தாரா, இல்லையா?

கேள்வி: வாம்பயர்கள் எனும் இரத்தம் குடிக்கும் பிசாசுகளை வேட்டையாடும் பஃபி என்ற பெண்ணின் கதைதான் 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' டிவி தொடர். அதன் கதை 2007-இல் காமிக்ஸாகத் தொடர்ந்தது. அதற்குப் பெயரே எட்டாவது சீசன். தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனின் மேற்பார்வையில் வந்ததால் அதுவும் கேனன்தான், அதாவது அதிகாரபூர்வமான கதைதான் என்கிறேன் நான். டிவியில் வந்த ஏழு சீசன்கள் மட்டும்தான் கேனன் என்கிறான் என் நண்பன். காமிக்ஸில் பஃபியின் வழிகாட்டியான கைல்ஸ் சாவதைக்கூட ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான். இவனெல்லாம் என்ன ரசிகன்? தீர்ப்புச் சொல்லுங்கள்.

பதில்: கடைசிக்கு முந்தைய வாக்கியத்தை முதலில் திரும்பப் பெறுங்கள். ஒரு கதாபாத்திரத்தின் சாவை ஏற்க முடியாமல் உங்களோடு மல்லுக்கு நிற்கும் அளவுக்கு ஒரு தொடரை நேசிப்பவர் ரசிகர் இல்லையென்றால் வேறு யார் ரசிகர்? எதை வைத்துப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொள்ளத்தான் கேனன் வேண்டும். எதிரில் இருப்பவரை வெளியே தள்ள அதைப் பயன்படுத்தாதீர்கள்.

இனி வழக்குக்கு வருவோம். உங்கள் நண்பரின் அளவுகோல், திரையில் வந்ததே கணக்கு என்பது. 1992-இல் வந்த 'பஃபி' படமும் திரையில் வந்ததுதானே? வீடன் எழுதிய அந்தத் திரைக்கதை படமாகும்போது வெகுவாக மாறிப்போனது. 1997-இல் தொடர் தொடங்கியபோது, பழைய பள்ளியின் ஜிம்மை பஃபி எரித்துவிட்டு வந்தவள் என்று முதல் எபிசோடிலேயே பேச்சு வருகிறது. படத்தில் ஜிம் எரியவே இல்லை. எரிந்தது வீடனின் மூலத் திரைக்கதையில். ஆக, ஓடிய படத்தை விட்டுவிட்டு, ஓடாத திரைக்கதையைத் தன் முன்கதையாக எடுத்துக்கொண்டது தொடர். நண்பரின் விதி முதல் நாளே உடைந்துவிட்டது.

உங்கள் அளவுகோலும் தேறாது. படைத்தவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறீர்கள். 2013-இல் 'எக்ஸ் ஃபைல்ஸ்' என்ற இன்னொரு டிவி தொடரின் பத்தாவது சீசன் என்ற பெயரில் காமிக்ஸ் வந்தது. தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டர்தான் அதன் நிர்வாகத் தயாரிப்பாளர். 2002-இல் டிவியில் செத்துப்போன லோன் கன்மென் என்ற துணைக் கதாபாத்திரங்கள் மூவரும் அதில் உயிரோடு இருந்தார்கள். நம்பி வாங்கிப் படித்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 2016-இல் தொடர் டிவிக்குத் திரும்பியபோது, காமிக்ஸைக் கண்டுகொள்ளவே இல்லை. 2018-இல் ஒரு எபிசோடு அந்த மூவரின் கல்லறைகளையே காட்டியது. அதே கார்ட்டர்தான்.

திரையும் படைத்தவரும் சேர்ந்து சொன்னாலும் சில விஷயங்கள் நிற்பதில்லை. பஃபியின் ஆறாவது சீசனில், அவள் ஒரு மனநல மருத்துவமனையில் இருப்பதாகவும் மற்றதெல்லாம் அவளுடைய பிரமை என்றும் காட்டும் எபிசோடு ஒன்று உண்டு. அதன் கடைசிக் காட்சியும் மருத்துவமனையிலேயே முடிகிறது. ஆனால் அடுத்த எபிசோடு முதல் கதை வாம்பயர்களோடுதான் நடக்கிறது. அந்த மருத்துவமனையை யாரும் சுமக்கவில்லை.

என் அளவுகோல் அதுதான்: பின்னால் வரும் கதை எதைச் சுமக்கிறதோ அது கேனன். பஃபியின் தங்கை டானைப் பாருங்கள். நான்கு சீசன்கள் ஒற்றைப் பிள்ளையாக இருந்த பஃபிக்கு 2000-இல் திடீரென்று ஒரு தங்கை முளைக்கிறாள். எல்லோரும் அவளை நெடுநாள் தெரிந்ததுபோல் பேசுகிறார்கள். அதுவரை பார்த்த எல்லாவற்றுக்கும் இது முரண். துறவிகள் ஒரு மந்திரச் சாவியைப் பெண்ணாக்கி, அனைவரின் நினைவிலும் அவளைப் புகுத்தினார்கள் என்று பிறகு தெரிகிறது. இதை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் வெறும் தந்திரம். ஆனால் அந்த சீசனின் முடிவில், தொடரின் 100-ஆவது எபிசோடில், அந்தத் தங்கைக்காக பஃபி உயிரைக் கொடுக்கிறாள். பொய்யான நினைவுகளுக்குக் கதை மெய்யான விலை கொடுத்தது. அதன்பிறகு டான் தங்கையே இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? மாறாக, 'எக்ஸ் ஃபைல்ஸ்' 2016-இல் உலகையே கொள்ளைநோயில் தள்ளிவிட்டு, 2018-இல் அதெல்லாம் கதாநாயகி ஸ்கல்லி மனத்தில் கண்ட காட்சி என்று துடைத்துப் போட்டது. விலையே கொடுக்காமல் அழித்தார்கள். எனக்கு இன்னும் கோபம்தான்.

சரி, கைல்ஸ். எட்டாவது சீசன் காமிக்ஸின் முடிவில், வேறொரு சக்தியின் பிடியில் இருக்கும் ஏஞ்சல், பஃபியின் முன்னாள் காதலன், அவரைக் கொல்கிறான். அதன் பாரத்தைக் காமிக்ஸ் ஒளிக்கவில்லை. 'ஏஞ்சல் அண்ட் ஃபெய்த்' என்று ஒரு தனிக் காமிக்ஸ் தொடரே அந்தக் குற்ற உணர்விலிருந்து பிறந்தது. கைல்ஸ் திரும்பி வந்தபோதுகூட பன்னிரண்டு வயதுச் சிறுவனின் உடலில்தான் வந்தார். காமிக்ஸுக்குள் அந்த மரணம் கேனன், ஐயமே இல்லை. ஆனால் 2003-இல் முடிந்த டிவி கதை அதற்குக் கட்டுப்பட்டதல்ல. 2023-இல் பழைய நடிகர்கள் சேர்ந்து ஆடியோ நாடகம் ஒன்று செய்தார்கள். ஆன்டனி ஹெட் மீண்டும் கைல்ஸாகப் பேசினார். காமிக்ஸின் சிறுவனுக்கு அங்கே இடமில்லை.

எனவே காமிக்ஸின் ஒன்பதாவது, பத்தாவது சீசன்களைப் பற்றிப் பேசும்போது உங்கள் நண்பர் கைல்ஸின் மரணத்தை மறுக்க முடியாது. டிவியின் கடைசிக் காட்சியில் பஃபி முகத்தில் அரும்பும் சிரிப்புக்குப் பொருள் சொல்லும்போது, நான்கு ஆண்டுகள் கழித்து வந்த காமிக்ஸை நீங்கள் சாட்சிக்கு இழுக்கக் கூடாது. அந்தச் சிரிப்பைப் பற்றி இன்னும் நீங்கள் இருவரும் பேசவே இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதைப் பேசுங்கள்.