வீடிழந்தவர்களுக்கு ஓட்டல் அறை: கேள்வி பதில்

பேரிடரில் வீடிழந்தவர்களைத் தங்கவைக்கும் வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பள்ளிக்கூடங்கள் இருக்கும்போது ஓட்டலுக்கு ஏன் செலவு?

முதல் சில இரவுகளுக்குப் பள்ளிக்கூடம் போதும். அப்புறம்தான் சிக்கல்: ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கானோர் படுத்தால் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வேகமாகப் பரவும், பெண்களுக்கு உடை மாற்ற மறைவிடம் இருக்காது, பள்ளியையும் மறுபடி திறந்தாக வேண்டும். 2024 புத்தாண்டு அன்று ஜப்பானின் நோட்டோவில் நிலநடுக்கம் வந்தபோது, குளிரில் முகாம்களில் கிடந்த முதியவர்களை ஓட்டல்களுக்கு மாறச் சொன்னார்கள். பலர் கிளம்பவில்லை. இடிந்த வீட்டையும் அக்கம்பக்கத்தையும் விட்டுவிட்டுத் தொலைவில் போய் இருக்க மனம் வரவில்லை, அதில் தப்பும் இல்லை.

அரசு வாடகை கட்டினால் எல்லாம் இலவசம்தானே?

இல்லை. அமெரிக்காவில் ஃபீமா என்னும் அரசுப் பேரிடர் உதவி அமைப்பு அறை வாடகையையும் வரியையும் நேராக ஓட்டலுக்குக் கட்டும்; சாப்பாடும் தொலைபேசியும் உங்கள் செலவு. அறையில் பெரும்பாலும் அடுப்பு இருக்காது, மூன்று வேளையும் வெளியே வாங்கிச் சாப்பிட்டால் கையிருப்பு எவ்வளவு நாள் வரும் என்று பாருங்கள். முன்பணம் கேட்பார்களா என்பதையும் போகும் முன்பே விசாரியுங்கள்.

எத்தனை நாள் தங்கலாம்?

எல்லாரையும் வாட்டுவது இதுதான். 2017இல் மரியா புயலுக்குப் பிறகு அமெரிக்காவுக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அமெரிக்க நகரங்களுக்கு வந்த குடும்பங்களுக்கு ஓட்டலில் தங்கும் கெடு முடியப்போகும் நேரத்தில் நீட்டிப்பு, மறுபடி கெடு, மறுபடி நீட்டிப்பு என்று இழுத்து, வழக்கு நீதிமன்றம் வரை போய், 2018 செப்டம்பரில்தான் முடிந்தது. அடுத்த மாதம் எங்கே இருப்போம் என்று தெரியாதவர் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பார், எந்த வேலைக்குச் சம்மதிப்பார்? என்னைக் கேட்டால், அறைச் சாவியைக் கொடுக்கும் அன்றே வாடகை வீடு தேடும் வேலையையும் ஒருவர் கையில் ஒப்படைத்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் எவ்வளவு நீட்டித்தாலும் கடைசி வாரம் ஒரே அல்லோலகல்லோலம்தான்.

நான் ஓட்டல் நடத்துகிறேன். அறைகளைக் கொடுக்கலாமா?

தாராளமாக, ஆனால் எழுத்தில் வாங்கிக்கொண்டு. ஓர் இரவுக்கு என்ன வாடகை, பணம் எப்போது வரும், பொருள் உடைந்தால் யார் பொறுப்பு, சுற்றுலாப் பருவம் தொடங்கினால் என்ன செய்வது, இவை நான்கும் கட்டாயம். 2023இல் அமெரிக்காவின் ஹவாயில் உள்ள மவுயித் தீவின் லஹைனா நகரம் காட்டுத்தீயில் எரிந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஓட்டல்களில் தங்கினார்கள். சில வாரங்களில் சுற்றுலாவைத் திறக்கும் பேச்சு வந்ததும் ஊருக்குள் பெரிய மனக்கசப்பு. ஓட்டல் ஊழியர்களில் பலரே வீடிழந்தவர்கள். உங்கள் ஊழியர்களையும் யோசியுங்கள்.

நாயோடு போகலாமா?

ஓட்டலைப் பொறுத்தது. 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயலில் நாய் பூனைகளை விட்டு வர மறுத்துப் பலர் வீட்டிலேயே தங்கிவிட்டதால், 2006இல் அங்கே வெளியேற்றத் திட்டங்களில் அவற்றையும் சேர்க்கச் சட்டம் வந்தது. அது திட்டம் போடும் அரசுக்குத்தான், ஓட்டல்காரரைக் கட்டாயப்படுத்தாது.

அடையாள அட்டை வெள்ளத்தில் போய்விட்டது. அறை தருவார்களா?

தனியாகப் போய் ரிசப்ஷனில் வாதாடாதீர்கள். முதலில் நிவாரண அலுவலகத்தில் பெயரைப் பதியுங்கள், அவர்களே ஓட்டலுக்குப் பட்டியல் அனுப்பினால் வேலை சுலபம். அதுவரை சொந்தக் காசில் தங்கினால் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், ஆனால் அந்தப் பணம் திரும்பி வந்தே தீரும் என்று நம்பிக் கடன் மட்டும் வாங்காதீர்கள்.