வாசகர் கேள்வி: காய்ச்சிய தேனும் புளிப்பது ஏன்?

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைத்து மார்ச்சில் எடுத்த தேனை உடனே காய்ச்சி, வடிகட்டி, பாட்டிலில் அடைத்தேன். இரண்டே மாதத்தில் நுரை கட்டிவிட்டது. மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று வருகிறது. (குலசேகரம் வாசகர்)

பதில்: காய்ச்சுவது தேனைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைத்தான் கொல்லும். மூடிய பாத்திரத்தில் காய்ச்சினால் நீர் எங்கும் போகாது. பிறகு வடிதுணியிலோ ஈரப் பாட்டிலிலோ ஒட்டியிருக்கும் ஈஸ்ட் உள்ளே போனால் பழைய கதைதான். தேனில் நீர் 17 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை; 19-ஐத் தாண்டினால் எந்தத் தேனும் புளிக்கலாம். உணவுத் தர விதி 20 வரை அனுமதிக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ரப்பர் தளிர்விடும் காலத்தில் இலைக்காம்பில் மதுரம் ஏராளமாகச் சுரக்கும். தேனீக்கள் அதை வற்றவைத்து மெழுகால் மூடுவதற்குள் இடம் நிறைந்துவிடும். நாமும் அவசரப்பட்டு எடுத்துவிடுகிறோம். அப்போது செய்ய வேண்டியது பெட்டியின் மேல் இன்னொரு தேன் அறையை ஏற்றுவது. எடுக்கும்போது தேனடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தில் முக்கால் பங்காவது மெழுகால் மூடியிருக்க வேண்டும். அடையில் மூடாத கண்கள் இருந்தால் சட்டத்தைப் படுக்கவாட்டில் பிடித்து ஒரு உதறு உதறுங்கள். துளி தெறித்தால் பெட்டிக்கே திருப்பிவிடுங்கள்.

நீரின் அளவைக் காட்டும், தேனுக்கான ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். பழச்சாறுக்கு விற்கும் 0–32 பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) கருவியில் தேன் அளவு தெரியாது. டின்னை நன்றாகக் கலக்கிய பிறகே துளி எடுங்கள், மேல்தேனில் நீர் கூடுதலாக இருக்கும்.

23 சதவீதத் தேன் 10 கிலோவை சட்ட அளவான 20-க்குக் கொண்டுவரவே 375 கிராம் நீர் போக வேண்டும். பிழிவதற்கு முன்பே, சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கி, மூடிய சிறு அறையில் ஈரம் உறிஞ்சும் கருவியும் மின்விசிறியும் ஓடவிடுவதே நல்ல வழி. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வெறும் மின்விசிறியால் பலனில்லை. தேன்தான் நீரை இழுத்துக்கொள்ளும்.

இதற்குப் பிறகு சூடாக்கலாம். தேன் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, 60–63 டிகிரியில் அரை மணி நேரம் கிளறி, சீக்கிரம் ஆறவையுங்கள். நேரடி அடுப்பு கூடாது. நிறம் கறுக்கும், சூட்டில் சர்க்கரை சிதைந்து உண்டாகும் எச்எம்எஃப் என்ற பொருள் ஏறும். அது கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டினால் ஆய்வகச் சோதனையில் தேறாது. பாட்டில் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருக்கட்டும்.

புளித்ததைத் தேனீக்களுக்குக் கொடுக்காதீர்கள், வயிற்றுப்போக்கு வரும்.

கேள்வி: பாட்டிலில் தேன் அடியில் உறைந்து, மேலே தண்ணீர் போல நிற்கிறது. கலப்படமா?

பதில்: அதை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். குளுக்கோஸ் படிகமாகும்போது விடுபடும் நீர் மேலே உள்ள தேனில் சேர்கிறது. புளிப்பு அங்கேதான் தொடங்கும். 40–45 டிகிரி வெந்நீரில் பாட்டிலை வைத்து உருக்கி, கலக்கி, முதலில் அதைச் செலவழியுங்கள்.

கேள்வி: கொசுத்தேன் புளிக்காமல் வைப்பது எப்படி?

பதில்: கொடுக்கில்லாத சிறிய கொசுத்தேனீயின் தேன் இது. அதில் இயல்பாகவே 25 சதவீதத்துக்கு மேல் நீர் உண்டு. எடுத்த அன்றே ஃப்ரிட்ஜில் வையுங்கள். 10 டிகிரிக்குக் கீழே ஈஸ்ட் பெருகாது.