கால் வரை இறங்கிய இரத்தம் எப்படி மேலே ஏறி இதயத்துக்குத் திரும்புகிறது?

கேள்வி: இதயம் அழுத்தித் தள்ளுவதால் இரத்தம் காலுக்குப் போய்ச் சேர்வது புரிகிறது. அங்கிருந்து புவியீர்ப்பை மீறி ஒரு மீட்டருக்கு மேல் ஏறித் திரும்புவது எப்படி? இதயம் உறிஞ்சி இழுக்கிறதா?

உறிஞ்சுவதன் பங்கு மிகக் கொஞ்சம். புவியீர்ப்பும் நீங்கள் நினைக்கிற விதத்தில் எதிரி இல்லை.

தமனி (இதயத்திலிருந்து இரத்தம் போகும் குழாய்), தந்துகி (இடையிலுள்ள நுண்குழாய்), சிரை (இதயத்துக்குத் திரும்பும் குழாய்) எல்லாம் சேர்ந்து மூடிய ஒரே வட்டம். நீர் நிரம்பிய U வடிவக் குழாயில் ஒரு பக்கம் இறங்கும் நீரின் எடையே மறுபக்கத்து நீரைத் தாங்கிக்கொள்ளும் அல்லவா, அதே கணக்குதான். படுத்திருக்கும்போது கணுக்கால் தமனியில் சராசரி அழுத்தம் சுமார் 95 மில்லிமீட்டர் பாதரசம், சிரையில் சுமார் 10. எழுந்து அசையாமல் நின்றால், இதயத்திலிருந்து கணுக்கால் வரையுள்ள இரத்தத்தின் எடை இரண்டிலும் ஏறக்குறைய 90-ஐக் கூட்டும். தமனியில் 185, சிரையில் 100. வித்தியாசம் அப்போதும் அதே 85. இரத்தத்தை ஓட வைப்பது இந்த வித்தியாசம்தான். குழாய்கள் இரும்பால் ஆனவையாக இருந்தால் பதிலை இங்கேயே முடித்துவிடலாம்.

ஆனால் சிரையின் சுவர் மெல்லியது, எளிதில் விரியும். உடலிலுள்ள 5 லிட்டர் இரத்தத்தில் 60 சதவீதத்துக்கும் மேல் எந்நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது. நீங்கள் எழுந்து நின்றதும் கால், இடுப்புப் பகுதிச் சிரைகள் புடைத்து, அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் கீழே தங்கிவிடும். அந்த அளவுக்கு இதயத்துக்கு வரத்து குறையும். வருவதைத்தான் இதயத்தால் தள்ள முடியும். ஆக, கேள்வியை 'எப்படி ஏறுகிறது' என்பதைவிட 'கீழே தேங்காமல் எப்படித் தப்பிக்கிறது' என்று கேட்பதே பொருத்தம்.

அதற்குத்தான் வால்வுகளும் கெண்டைக்கால் தசையும். கை, கால் சிரைகளுக்குள் சிறு பை போன்ற இரண்டிரண்டு இதழ்கள் ஆங்காங்கே உண்டு. இதயத்தை நோக்கிப் போனால் திறக்கும், திரும்பினால் மூடிக்கொள்ளும். இத்தாலிய உடற்கூறியல் பேராசிரியர் ஃபாப்ரீசியஸ் 1603-இல் இவற்றை விளக்கிப் புத்தகமே எழுதினார், ஆனால் கீழே பாயும் வேகத்தைக் குறைக்கும் தடுப்புகள் என்றே கருதினார். அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி 1628-இல் உண்மையைச் சொன்னார். அவர் காட்டிய சோதனையை நீங்களும் செய்யலாம். கையைத் தொங்கவிட்டு முன்கையில் நன்றாகப் புடைத்த ஒரு சிரையைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கட்டுப் பக்கம் அதை ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கி, ஒரு சிறு முடிச்சுபோலத் தெரியும் இடத்தைத் தாண்டி வழித்துவிட்டு, அந்த விரலை எடுத்துவிடுங்கள். முடிச்சு வரை இரத்தம் திரும்பி வரும், அதற்குக் கீழே சிரை காலியாகவே கிடக்கும். முதல் விரலை எடுத்த நொடியில் கீழிருந்து நிரம்பும். அந்த முடிச்சுதான் வால்வு.

நடக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகி, உள்ளே ஆழத்திலுள்ள சிரைகளைப் பிழிகிறது. கீழ் வால்வு மூடியிருப்பதால் இரத்தத்துக்கு மேலே போக மட்டுமே வழி. சதை தளரும்போது காலியான ஆழ்சிரை, தோலடிச் சிரைகளிலிருந்து இரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. சில அடிகள் நடந்தாலே, நிற்கும்போது 90–100 வரை இருந்த பாதச் சிரையின் அழுத்தம் 30-க்கும் கீழே வந்துவிடும். மூச்சும் உதவுகிறது: உள்ளிழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைய, உதரவிதானம் இறங்கி வயிற்றை அழுத்த, இரத்தம் மேலே நகரும். மூச்சைப் பிடித்து முக்கினால் இதற்கு நேர்மாறு. கழிப்பறையில் சிலர் மயங்கி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஏற்பாடு தவறுகிற இடங்கள் பலருக்கும் பழக்கமானவைதான். அணிவகுப்பில் அசையாமல் நிற்பவர் சாய்வதும், வேகமாக ஓடிவிட்டுச் சட்டென்று நின்றவருக்குத் தலை சுற்றுவதும் தசைப் பிழிதல் நின்றுபோவதால். நிற்க வேண்டியிருந்தால் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், அல்லது கால்களைக் குறுக்காக வைத்துத் தொடையை இறுக்குங்கள். மயங்கியவரைத் தூக்கி உட்கார வைப்பது பெரும் தவறு. மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் தேங்கிய இரத்தம் இதயத்துக்குப் போகும். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு பிபி 20-ஓ கீழ் அளவு 10-ஓ இறங்குவது தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீரிழப்பு, பிபி மாத்திரையின் அளவு, நீரிழிவால் வரும் நரம்புப் பாதிப்பு எதுவும் காரணமாகலாம்.

வால்வு இதழ்கள் சரியாகப் பொருந்தாமல் போனால் வருவது வெரிகோஸ் வெயின், அதாவது புடைத்து முறுக்கிக்கொண்ட சிரை. மேல் வால்வு கசிய, கீழ்ச் சிரை விரிய, விரிந்ததால் அடுத்த வால்வும் கசியும். ஆண்டுக்கணக்கில் விட்டால் கணுக்காலின் உள்பக்கத் தோல் கறுத்து ஆறாத புண் வரும். அடிபட்டு அந்தச் சிரையிலிருந்து இரத்தம் பீறிட்டால் கயிறு கட்டாதீர்கள். படுத்து, காலை உயர்த்தி, துணியால் அந்த இடத்தையே அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் அழுத்தத்தை விடாமலேயே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது வேறு விஷயம்: ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம், உறைகட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. தேய்த்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அழுத்தக் காலுறை போடுவதென்றால், கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இறுக்குவதாகப் பார்த்து வாங்குங்கள். வீக்கம் வந்த பிறகு போட்டால் பயன் குறைவு, காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே போட வேண்டும். கால் தமனியில் அடைப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.